ஓவிய வகுப்பில் உளப்பாட்டுத் தன்மை

மொழியியலில் ஆய்வு செய்யும் உனக்குப் பள்ளி ஓவிய வகுப்பில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே முறையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதிவு நீளும், பொறுத்தருள்க.

மும்பைப் புறநகரில் வளரும் பிள்ளைகள் தம்மைக் குறிக்க எந்தச் சொற்களை, எந்த மொழியில், யார் முன்னிலையில் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அதற்காக 2024 அக்டோபரில் முலுண்டில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போய், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவுசெய்ய அனுமதி கேட்டேன். தலைமையாசிரியர் ஒப்புதல் படிவங்களை வரிவரியாகப் படித்தார். எல்லாம் சரி என்றார். பிறகு, “உங்களுக்கு வரைய வருமா?” என்று கேட்டார். ஓவிய ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருந்தார். தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை நான் ஓவியம் நடத்த வேண்டும். பதிலுக்கு வகுப்பிலேயே ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். பண்டமாற்று அவ்வளவுதான். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் இங்கே வாரா. படிவத்தில் அப்படித்தான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

வரைய வரும் என்று நான் சொன்னது முக்கால் உண்மை. மகாராஷ்டிர மாநிலத்தில் படித்தவர்களுக்கு எலிமென்டரி, இன்டர்மீடியட் என்ற ஓவியத் தேர்வுகளைத் தெரிந்திருக்கும். இரண்டையும் எழுதித் தேறியிருக்கிறேன். பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், அலங்கார வடிவம், வடிவியலும் எழுத்தும் என்று போகும் அந்தத் தேர்வில் வரைபவரின் முகத்துக்கு இடமில்லை. குடத்தையும் கத்தரிக்காயையும் நிழலோடு வரையப் பழகிய கை, கண்ணாடியைப் பார்த்தால் திகைத்து நிற்கும். பிள்ளைகளிடமும் அதைத்தான் கண்டேன். முதல் நாள் விருப்பம்போல் வரையச் சொன்னபோது, முப்பத்தெட்டுப் பேரில் இருபதுக்கு மேற்பட்டோர் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று வரைந்து நீட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே யேவூர் மலைத்தொடர் உண்மையாகவே நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே முகம் என்று முடிவு செய்தேன். கலவை ஊடகத்தில், அதாவது வண்ணம், தாள், துணி, நூல், அட்டை என்று கைக்கு எட்டியதையெல்லாம் சேர்த்து, ஒவ்வொருவரும் தம் உருவத்தைத் தாமே ஆக்க வேண்டும். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதிலேயே எனக்கு ஓர் இரவு போயிற்று. தன்னோவியம், தன்னுருவப் படம், தற்படம் ஆகிய சொற்கள் வழக்கில் இருக்கின்றன. ஆனால் ‘தன்’ என்பது படர்க்கைக்கு உரியது. ‘அவன் தன்னை வரைந்தான்’ என்னலாம். ‘நான் தன்னை வரைந்தேன்’ என்று சொல்ல முடியாது. ‘என்னை நானே’ என்றுதான் வரவேண்டும். ஆக, தன்னோவியம் என்று சொல்லும்போதே வரைபவர் தம்மைவிட்டு ஓரடி விலகி, இன்னொருவராகத் தம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். மறுபுறம், நம் இலக்கணிகள் பேசுபவரின் இடத்துக்கு வைத்த பெயர் ‘தன்மை’. இந்தச் சிக்கல் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கரும்பலகையில் ‘நான்’ என்பதை அவரவர் மொழிகளில் எழுதச் சொன்னேன். நான், மீ, ஹும், மை, ஐ. பலகை நிறைந்தது.

கண்ணாடி கொண்டுவரச் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். எவர்சில்வர் டிபன் மூடியை வைத்துச் சமாளித்தார்கள். மூடியில் முகம் அகன்று தெரிந்தது, அப்படியே வரைந்தார்கள், அவை நன்றாகவும் இருந்தன. கண்கள் தலையின் உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் இருக்கின்றன என்பதை ஒருவரும் நம்பவில்லை. அளவுகோலால் அளந்து பார்த்த பிறகும் நெற்றியைச் சுருக்கிக் கண்களை மேலேற்றினார்கள். பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று அவர்கள் அழைக்கும் இளஞ்சிவப்புப் பேஸ்டல் இருந்தது. அதைக் கையில் வைத்துப் பாருங்கள் என்றேன். வகுப்பில் யாருடைய கையோடும் அது பொருந்தவில்லை. காவி, மஞ்சள், வெள்ளை, துளி நீலம் என்று குழைத்து அவரவர் நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுதும் ஆயிற்று. முப்பத்தெட்டு மூடிகளில் முப்பத்தெட்டுப் பழுப்பு. அந்தப் பாடவேளையை நான் இன்னும் நினைத்து மகிழ்கிறேன்.

இரண்டாம் வாரம் ஒட்டுவேலை. வீட்டிலிருந்து ஐந்து பொருள். கடையில் வாங்கியது கூடாது. வீட்டில் தேடமாட்டார்கள் என்று உறுதி இருந்தால் மட்டும் கொண்டுவரலாம். 1912-இல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் கயிறு கட்டிய கதையைச் சொன்னேன். “அப்போ அது சீட்டிங்தானே டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பிரம்பு நாற்காலியை வரைவதற்குப் பதில் பிரம்பு நாற்காலிபோல் தோன்றும் துணியையே கொண்டுவந்து வைத்துவிட்டால் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது.

வேலைமுறையில் நான் கற்றதையும் சொல்ல வேண்டும். சாதாரண வரைதாள் ஈரம் தாங்காது. ஃபெவிகாலைத் தடவியதும் அலையலையாய்ச் சுருங்கும். மவுண்ட் போர்டு வாங்கினோம். ஃபெவிகாலில் சரிபாதி நீர் கலந்து, தூரிகையால் அடியிலும் மேலேயும் பூச வேண்டும். தாளும் துணியும் முதலில். அவை காய்ந்த பிறகே போஸ்டர் கலர். ஆயில் பேஸ்டல் கடைசியில். முறை மாறி பேஸ்டல் முதலில் போனால் மேலே பூசும் நீர்வண்ணம் ஒட்டாமல் உருண்டோடும். உருண்டோடட்டும் என்று வேண்டுமென்றே செய்தால் அதுவே ஒரு நுட்பம். தேய்த்தெடுத்தலும் கற்றுக்கொடுத்தேன்: மேடுபள்ளமுள்ள ஒன்றின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அதன் வரிகள் தாளில் ஏறும். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையின் வரிகளைத் தேய்த்தெடுத்துத் தொடங்கிய முறை. நம் பிள்ளைகள் நாணயத்தை வைத்து எப்போதும் செய்வது. செருப்படி, ஜன்னல் கிரில், பாட்டியின் பாக்குவெட்டி என்று வந்து குவிந்தன.

பிள்ளைகள் தாம் கொண்டுவந்த பொருளைப் பற்றிப் பேசுவதுதான் எனக்கு வேண்டிய தரவு. பதிவுக்கருவியை மேசைமேல் வைத்து, ‘இதைப் பற்றிச் சொல்’ என்பேன். ‘நான்’ வரும் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு வந்தவை பெரும்பாலும் பன்மைகள். தமிழ் பேசும் ஐந்து பிள்ளைகளும் ‘எங்க வீட்டு’, ‘எங்க அம்மாவோட’, ‘நம்ம பில்டிங்’ என்றே தொடங்கினார்கள். கேட்பவரையும் உள்ளடக்கும் பன்மை ‘நாம்’. கேட்பவரை வெளியே நிறுத்தும் பன்மை ‘நாங்கள்’. முன்னதை நம் மரபில் உளப்பாட்டுத் தன்மை என்பர். இந்த வேறுபாடு மராத்தியிலும் (ஆபண், ஆம்ஹீ) குஜராத்தியிலும் (ஆபணே, அமே) உண்டு. திராவிடத் தொடர்பின் தடயம் என்று அதைக் கருதும் மொழியியலாளர் பலர். இந்தியில் ‘ஹம்’ ஒன்றே. முலுண்டில் பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் இந்திக்குத் தாவுவதால், அந்த வேலி வீட்டில் இருக்கிறது, தெருவில் இல்லை. வீட்டு வேலி தெருவுக்கு வரும் தருணங்களைப் பிடிப்பதே என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல்.

மூன்றாம் வாரம் என் முறை. ஆசிரியரும் தம் படத்தைச் செய்து காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். மாட்டுங்காவில் வாங்கிய காப்பித்தூள் பொட்டலத்தின் உறை, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணி, காலாவதியான ரயில் பாஸ், ஒலிக்குறியீடுகள் நிரம்பிய என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் ஆகியவற்றை வைத்து ஒரு முகம் செய்தேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு சிறுமி தமிழில் கேட்டாள்: “டீச்சர், நீங்க முதல்ல எங்க இருந்தீங்க?”

“மாட்டுங்கா” என்றேன்.

நான் பிறந்தது தாராவியில். தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் கிடங்கில் வேலை பார்த்தார். 2007-இல், எனக்குப் பதினொரு வயதானபோது, முலுண்ட் கிழக்கில் வாடகைக்கு வந்தோம். புதிய கட்டடத்தில் யாராவது கேட்டால் “சயான்ல இருந்தோம்” என்பார் அம்மா. முழுப் பொய்யன்று, நாங்கள் ரயிலிலிருந்து இறங்கும் நிலையம் சயான்தான். மும்பைத் தமிழருக்கு இந்த இடக்கணக்கு விளங்கும். மாட்டுங்கா என்றால் பூக்கடையும் சங்கீதமும். செம்பூர் என்றால் படிப்பும் உத்தியோகமும். தாராவி என்றால் அடுத்த கேள்வி வராது. அம்மாவின் சயானை நான் படித்து முன்னேறி மாட்டுங்காவாக்கியிருந்தேன். 2015-இல் தாராவியில் ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனம் ‘ஆலி கல்லி பினாலே’ என்ற கலைவிழாவை நடத்தியபோது கல்லூரித் தோழர்களோடு பார்வையாளராகப் போனேன். அங்கே வாழ்பவர்களே செய்த படைப்புகள். எனக்கு நன்றாகத் தெரிந்த சந்துக்குத் தோழர்கள் வழி கேட்டபோது நானும் தெரியாதவர்போல் நின்றேன். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நிற்றலை மவுண்ட் போர்டில் ஒட்டியிருந்தேன்.

காலமும் சாதாரணக் காலமன்று. நவம்பர் 20 சட்டமன்றத் தேர்தல்; பள்ளியே வாக்குச்சாவடியானதால் எங்களுக்கு இரண்டு நாள் போயிற்று. தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறாதோருக்கு வீடு கட்ட, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தர மாநில அமைச்சரவை செப்டம்பர் இறுதியில் ஒப்புதல் அளித்திருந்தது. முலுண்ட் கிழக்கில் அந்த ஆண்டு முழுதும் எதிர்ப்புக் கூட்டங்கள், பதாகைகள். எதிர்த்தவர்களின் கவலைகளில் சிலவற்றை நானும் மறுக்கமாட்டேன்: காலை ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பளத்தில் வீடு கட்டினால் மழைநீர் எங்கே போகும் என்பதும் உண்மையான கேள்வி. தாராவிக்காரர்கள் பலரும் இங்கே வர விரும்பவில்லை என்பது மட்டும் அந்தக் கூட்டங்களில் என் காதில் விழவில்லை.

நான்காம் வாரம் பின்புலம். செய்தித்தாளைக் கிழித்துப் போர்டு முழுதும் ஒட்டி, மேலே மெல்லிய வெள்ளை பூசினால் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அதன்மேல் முகம் எழும். இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி வீட்டு ரத்தியிலிருந்து ஒரு மராத்தி நாளிதழை எடுத்து வந்திருந்தாள். அவள் முகத்தின் வலப்பக்கம் வரவேண்டிய இடத்தில், கொட்டை எழுத்தில், தாராவிக்காரர்களை முலுண்டில் குடியேற்ற எதிர்ப்பு என்ற செய்தி. அவள் அதைப் படித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எழுத்து பெரிதாக, கறுப்பாக, அழகாக இருந்தது, அவ்வளவே. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, “ஆமாம், அந்த ஆட்கள் வந்தால் ரயிலில் நிற்கவும் முடியாது என்று எங்கள் சொஸைட்டியில் சொல்கிறார்கள்” என்றான். இந்தியில் அவன் சொன்னது ‘வோ லோக்’. பன்னிரண்டு வயதுப் பையனின் குரலில் பகை எதுவும் இல்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னான். நான் அவர்களுக்கு இரண்டடி தொலைவில், படர்க்கைப் பன்மையாக நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கினேன். “இது வேண்டாம், வேறு பக்கம் எடு” என்றேன். ஏன் என்று கேட்டாள். “எழுத்து பெரிதாக இருந்தால் முகம் எடுபடாது” என்று ஓவிய இலக்கணம் பேசினேன். பொய். அன்று காலைதான் அட்டுல் டோடியாவின் 1994-ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியத்தைத் திரையில் காட்டியிருந்தேன். முலுண்டிலிருந்து ஐந்தாவது நிலையமான காட்கோபரைச் சேர்ந்தவர் அவர். சினிமாச் சுவரொட்டி நாயகனின் தோரணையைத் தனக்கு மாட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியின் இரு வட்டங்களிலும் வேறிரு ஓவியர்களின் முகங்களை வைத்த படம். வெளியே இருப்பது முகத்துக்குள் வரலாம், தெருவும் சுவரொட்டியும் வரலாம் என்று விளக்கிய வாய் அது. அரைமணி நேரத்தில் ஒரு செய்தித்தாளைப் பறித்தது. அவள் சினிமா விளம்பரப் பக்கம் ஒன்றை எடுத்து ஒட்டினாள்.

அதே பாடவேளையின் இறுதியில்தான் அவனைக் கவனித்தேன். தமிழ்ப் பையன், வகுப்பில் அதிகம் பேசாதவன். அவன் படத்தில் சட்டையின் இடத்தில் தேய்த்தெடுத்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சாய்ந்த சிறு மேடுகள், ஒன்று இப்படி, ஒன்று அப்படி. நடுவில் தேய்ந்து வழவழப்பான ஒரு வெற்றிடம். எனக்கு அது என்னவென்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வழுக்காமலிருக்க வரி போட்ட இரும்புத் தகடு, ஏணிப்படிக்கு வைப்பது. நடுவில் தேய்ந்திருப்பது காலடி. எங்கள் வீடும் மேல்தளம்தான். செங்குத்தான அந்த ஏணியில் மேலிருந்து தொங்கும் கயிற்றை வலக்கையால் பற்றி, இடக்கையில் குடத்தோடு ஏறுவதை ஏழு வயதில் பழகியிருந்தேன்.

“இது என்ன?” என்று கேட்டேன்.

“எங்க பாட்டி வீட்டு ஏணி டீச்சர்.”

“பாட்டி வீடு எங்க?”

அவன் என்னைப் பார்க்காமல் பேஸ்டலை எடுத்தான். “சயான்.”

மார்ச் மாதம் தொடங்கிய கணக்கெடுப்பில் தாராவி வீடுகளுக்கு எண் இட்டுக்கொண்டு வந்தார்கள். 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தோருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. மேல்தளத்தாருக்கு வேறிடத்தில் என்பது திட்டம். ஏணியில் ஏறிப் போகும் வீடு என்றால் அந்தப் பாட்டி எங்கே அனுப்பப்படக்கூடும் என்பதைப் பையன் அறிந்திருந்தானா, தெரியாது. இரண்டடி தள்ளி ஒருவன் ‘வோ லோக்’ என்று சொன்னதை நிச்சயமாகக் கேட்டிருந்தான். நான் செய்தித்தாளைப் பறித்ததையும் பார்த்திருந்தான். அதை அவன் எப்படிப் புரிந்துகொண்டான் என்பதை நினைத்து அந்த வாரம் நான் சரியாக உறங்கவில்லை. அவனைக் காப்பாற்றியதாக அவனுக்குத் தோன்றியிருக்கலாம். அது வாயில் வரக்கூடாத ஊர் என்பதை ஓர் ஆசிரியரே உறுதிசெய்ததாகவும் தோன்றியிருக்கலாம்.

ஐந்தாம் வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சளி, காய்ச்சல், பாதி வகுப்பு காலி. ஃபெவிகால் டப்பா ஒன்று தரையில் கவிழ்ந்தது.

ஆறாம் வாரம், டிசம்பர் இறுதி. நடைக்கூடச் சுவரில் காட்சி. ஒவ்வொரு படத்தின் கீழும் அருங்காட்சியகத்தில் வைப்பதுபோல் ஒரு சீட்டு: பெயர், ஆண்டு, பயன்படுத்திய பொருள்கள். சீட்டெழுதுவது பிள்ளைகளுக்குப் படத்தைவிடப் பிடித்துப்போயிற்று. ‘அக்காவின் கல்யாணப் பத்திரிகை (கேட்காமல் எடுத்தது)’ என்று ஒருத்தி எழுதினாள். அந்த ஞாயிறு நான் வீட்டில் என் படத்தை மீண்டும் எடுத்திருந்தேன். காப்பித்தூள் உறையை உரித்தால் அடித்தாளும் சேர்ந்து வந்தது. ஒட்டியதை அவ்வளவு எளிதாக எடுக்க முடியாது. ஆகவே அதை அப்படியே விட்டு, மேலே ஒரு துண்டு ஒட்டினேன்: அம்மா பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியிருந்த பழைய மின்கட்டண ரசீதின் நகல். முகவரி தெரியும்படி வைத்தேன். ரசீது எதற்கு என்று அம்மா கேட்டார், சொன்னேன். “ஸ்கூல்லயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். சீட்டில் எழுதினேன்: காப்பித்தூள் உறை, ரவிக்கைத் துணி, ரயில் பாஸ், குறிப்பேடு, தாராவி வீட்டு மின்ரசீது.

பறித்த நாளிதழ்ப் பக்கத்தை அந்தச் சிறுமியிடம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அலமாரியில் வைத்திருந்ததை யாரோ ரத்தியில் போட்டுவிட்டார்கள். அன்று நான் சொன்ன காரணம் சரியல்ல, அந்தப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது என்று அவளிடம் சொன்னேன். “பரவாயில்லை டீச்சர், இப்போது ஷாருக் கான் இருக்கிறார்” என்றாள். அவள் முகத்துக்குப் பின்னால் உண்மையாகவே இருந்தார்.

பெற்றோர் வரத் தொடங்கும் முன் பையன் என் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தான். சீட்டைப் படித்தான். பிறகு ரசீதின் அருகே முகத்தைக் கொண்டுபோய் முகவரியைப் படித்தான். நான் ஆணி எடுப்பதுபோல் பக்கத்தில் நின்றேன்.

“கும்பார்வாடா பக்கமா டீச்சர்?”

“இல்ல, கோலிவாடா பக்கம்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “கிராஸ் ரோட்டுலேருந்து பக்கந்தானே. அப்போ நம்ம ஏரியாதான்” என்றான்.

தன் சீட்டை அவன் மாற்றவில்லை. ‘இரும்பு ஏணி, பென்சில்’ என்று மட்டும் எழுதியிருந்தது, அப்படியே இருந்தது. அன்று காட்சி நாள் என்பதால் பதிவுக்கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த ‘நம்ம’ என் மூன்றாம் இயலுக்குத் தரவாகாது.